நான்காம் மாடியில் இரண்டாவது மெஷின்

என் அத்தானை வேலை செய்யும் இடங்களில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மூக்கர் என்பார்கள். அவருடைய மூக்கு ஒன்றும் பெரிதில்லை; சொல்லப்போனால் அந்த முகத்துக்கு அது கொஞ்சம் சின்னதுதான். ஆனால் அவர் பிழைத்தது அதை வைத்துத்தான். வங்கி, பல் மருத்துவமனை, ஓட்டல், அடுக்குமாடிக் குடியிருப்பு என்று ஊர் முழுக்க இருநூற்றுச் சொச்சம் இடங்களில் எங்கள் கம்பெனியின் வாசனை மெஷின் இருக்கிறது. அவற்றுக்குப் பாட்டில் மாற்றுவது அத்தானின் வேலை. அவரை வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவது என் வேலை. என் அக்காவைக் கட்டியவர், எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவரோடு சண்டை போடும் உரிமை எனக்கு உண்டு.

மெஷின் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். உள்ளங்கை அளவுதான். சுவரிலிருக்கும் ப்ளக் பாயின்ட்டில் செருகினால் அப்படியே நிற்கும். அடியில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் பாட்டில். அதிலுள்ள திரவத்தில் ஒரு திரி முங்கியிருக்கும். திரியின் தலையைச் சுற்றி லேசான சூடு. தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருக்கும். திரி உறிஞ்சும், சூடு அதை ஆவியாக்கும், அறை மணக்கும். பக்கவாட்டில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்ட திருகு. மூன்றில் வைத்தால் பாட்டில் ஒரு மாதம் வரும். ஐந்தில் வைத்தால் பத்து நாள் தாங்காது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஆறே மாதத்தில் மூக்கு மரத்துப்போகும். மல்லிகைப் பாட்டிலுக்கும் எலுமிச்சைப் பாட்டிலுக்கும் வித்தியாசம் தெரியாமல் நிறத்தைப் பார்த்து மாட்டுகிறவர்கள்தான் அதிகம். அத்தானுக்கு இருபத்திரண்டு வருடமாகியும் மூக்கு மழுங்கவில்லை. கதவைத் திறந்ததும் இழுக்கிற முதல் மூச்சுதான் நிஜம், இரண்டாவது மூச்சிலேயே மூக்கு அந்த இடத்தோடு ஒத்துப்போய்விடும் என்பார். அதற்காகக் கதவுக்கு வெளியே நின்று, முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்துத் தன் சட்டையையே மோந்துகொள்வார். அப்புறம்தான் உள்ளே போவார். பல் மருத்துவமனை வரவேற்பறைப் பெண் இதை இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு, "அவருக்கு மாத்துச் சட்டை இல்லையாண்ணா?" என்று என்னிடம் தனியாகக் கேட்டாள். இல்லை, ஒரே சட்டைதான், எங்கள் குடும்பமே ரொம்பக் கஷ்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் அவள் நிஜமாகவே ஒரு புதுச் சட்டையை நீட்ட, அத்தான் என்னை ஒரு வாரம் பிடி பிடியென்று பிடித்தார்.

வேனுக்குத் திரும்பி வந்ததும் சொல்வார். "சிங்க் அடியில ஈரத்துணி கெடக்கு மாப்ளே." "அந்த ஆபீஸ்ல யாரோ கதவச் சாத்திக்கிட்டு சிகரெட் குடிக்கிறாங்க." "அந்தக் கொழந்தைக்கு வாந்தி, மூணு நாளாச்சு." என்னிடம்தான் சொல்வார். சம்பந்தப்பட்டவர்களிடம் வாயைத் திறக்க மாட்டார். நாறுகிற இடத்தில் போய் நாறுகிறது என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் கம்பெனியில் சேர்ந்த அன்றைக்கே சொல்லித்தரும் பாடம். எங்களுக்கு நாற்றம் என்பது ஒரு சேதி இல்லை. அது ஒரு சீட்டு. எந்த மாடி, எந்த அறை, எத்தனை மெஷின் என்று அதில் எழுதியிருக்கும். மாட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கினால் அந்தச் சீட்டு முடிந்தது.

வீட்டில் அவர் எதையும் மணக்க விட்டதில்லை. வாசனை சோப்பு இல்லை, பவுடர் இல்லை, தலைக்கு வாசனை எண்ணெய் இல்லை. மூக்குக்கு ஓய்வு வேண்டுமாம். "ஊரையே மணக்க வைக்கிறவருக்குக் கழுத்த நீட்டினேன். எனக்கு ஒரு சோப்புக்கு வழியில்ல" என்று அக்கா கல்யாணமான நாளிலிருந்து புலம்புவாள். ஆனால் அந்த வீட்டுக்குள் போனால் நிம்மதியாக இருக்கும். சமைத்தால் சமையல் வாசம், மழை பெய்தால் மழை வாசம், வேறொன்றும் இருக்காது.

ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து முதல் சீட்டு வந்தபோது, "நான்காம் மாடி, காரிடார், நாற்றப் புகார், மெஷின் ஒன்று" என்று இருந்தது. அத்தான் போய் மாட்டித் திருகை மூன்றில் வைத்துவிட்டு வந்தார்.

"ஏதோ லேசா இருக்கு மாப்ளே. என்னன்னு பிடிபடல" என்றார்.

"மூக்கருக்கே பிடிபடலயா? அப்ப ரிட்டயர் ஆயிடுங்க" என்றேன். சாக்கடைக் குழாயாக இருக்கும் என்று இரண்டு பேருமே விட்டுவிட்டோம்.

ஒன்பதாம் நாள் அங்கிருந்து மறுபடி சீட்டு. பாட்டில் தீர்ந்துவிட்டது, இன்னொரு மெஷினும் வேண்டும். மூன்றில் வைத்த பாட்டில் ஒன்பது நாளில் தீராது. யாரோ திருகை ஐந்துக்குத் திருப்பியிருக்க வேண்டும். காலை பத்து மணி இருக்கும். அத்தான் சாமான்களை எடுத்துக்கொண்டு மேலே போனார், நான் கீழே வேனில் உட்கார்ந்திருந்தேன். மேலே என்ன நடந்தது என்பது பிற்பாடு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

காரிடாரில் கால் வைத்து இழுத்த முதல் மூச்சிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அது சாக்கடை இல்லை. சர்க்கரை நோய்க்காரரின் காலில் வந்த புண், ஆறாமல், உள்ளே அழுகத் தொடங்கிய வாடை. அவருடைய அப்பாவுக்கு அது வந்திருந்தது. ஏழு மாதம் தினமும் இரண்டு வேளை அந்தக் காலைக் கழுவிக் கட்டுப் போட்டவர் அத்தான்தான். கூடப் பிறந்தவர்கள் வாசலோடு நலம் விசாரித்துவிட்டுப் போன ஏழு மாதம் அது. ஆயிரம் வாடைக்கு நடுவில் விட்டாலும் அதை அவர் தனியாகப் பிரித்துச் சொல்வார்.

கடைசி வீட்டுக் கதவை நெருங்க நெருங்க வாடை கூடியது. கதவுக்கு முன்னால் நின்றார். தட்டுவதற்குக் கையையும் தூக்கிவிட்டார். உள்ளே நாற்காலி நகர்ந்த மாதிரி ஒரு சத்தம். அப்போது அவருடைய போன் அடித்தது.

"என்ன அத்தான், அங்கயே குடித்தனம் ஆரம்பிச்சிட்டீங்களா? இன்னும் மூணு எடம் இருக்கு!"

அது நான்தான். இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

"வந்துட்டேன்டா" என்றார். தூக்கிய கையை இறக்கினார். அந்தக் கதவை ஒட்டித் தரை துடைக்கும் மெஷினுக்காக ஒரு ப்ளக் பாயின்ட் இருந்தது. குனிந்து, இரண்டாவது மெஷினை அதில் செருகினார். திருகை ஐந்தில் வைத்தார். பழைய மெஷினுக்குப் புதுப் பாட்டில் போட்டார். காவலாளியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து வேனில் ஏறினார். அன்றைக்கு அங்கே என்ன வாடை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆறு நாள் கழித்து, ஏழாம் மாடியில் ஒரு வேலைக்காக அங்கே போனபோது காவலாளி வேன் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு கதை சொன்னார். "நாலாம் மாடி கடைசி வீட்டம்மா முந்தாநேத்து போயிட்டாங்க சார். தனியா இருந்தவங்க. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. காலு முழுக்கப் புண்ணு, யாருக்கும் சொல்லல. வெளியூர்ல இருக்கிற பொண்ணு ஒரு நாள் பூரா போன் பண்ணியும் எடுக்கலன்னு எங்களக் கூப்பிட்டுது. கதவ ஒடச்சுப் பாத்தா நெனவில்லாம கெடந்தாங்க. அன்னைக்கு சாயங்காலமே முடிஞ்சிருச்சு. நாலு நாள் முன்னாடி கொண்டு வந்திருந்தா கால எடுத்துட்டு உசுரக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாராம். பாருங்க, நாங்க தெனமும் அந்தப் பக்கம் போறோம், வர்றோம், ஒருத்தருக்கும் தெரியல. காரிடாரே கமகமன்னு இருந்துச்சு."

காவலாளி அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அத்தான் முகத்தை நான் திரும்பிப் பார்த்தேன். பேயறைந்தவர் மாதிரி இருந்தார். ஏழாம் மாடிக்கு அன்று அவர் போகவில்லை. நான்தான் போய்ப் பாட்டில் மாற்றினேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த அம்மா இறந்தது அத்தான் கதவுக்கு முன்னால் நின்ற நாளிலிருந்து நான்காம் நாள்.

அன்றிலிருந்து அந்த வாடை அவர் கூடவே வந்தது. வங்கிக்குள் போனால் அங்கே. பல் மருத்துவமனையில் அங்கே. முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்தால் சட்டையிலேயே. நான் வேன் ஓட்டும்போது திடீரென்று, "ஷூவக் கழட்டு மாப்ளே" என்பார். முதல் தடவை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வேனை ஓரம் கட்டி, இரண்டு ஷூவையும் கழற்றி, விரல் இடுக்குகளைக் காட்டிய பிறகுதான் போகலாம் என்றார்.

வீட்டிலும் இதே கூத்து. தினமும் காலையில் அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார வேண்டும், அவர் தரையில் உட்கார்ந்து அவள் பாதங்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முதலில் அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது. அதற்குள் ஒரு நாள் சமையலறையில் ஒரு மெஷின் முளைத்தது. இருபத்திரண்டு வருடமாக ஒரு ஊதுவத்தியைக்கூட உள்ளே விடாத வீட்டில்! மறுநாள் படுக்கையறையில் ஒன்று. அப்புறம் வாசலில், குளியலறையில், துணி அலமாரிக்குப் பக்கத்தில். மொத்தம் ஏழு மெஷின், எல்லாம் ஐந்தில்.

அக்கா எனக்குப் போன் செய்து அழுதாள். "கண்ணெல்லாம் எரியுதுடா. தலைய வலிக்குது. சோத்துல கூட மல்லிப்பூ மணக்குது. நான் அதப் பிடுங்குனா மறுபடி செருகுறாரு. கேட்டா, வாட வருதுங்கிறாரு. எங்கிருந்து வருதுன்னு கேட்டா கதவப் பாக்குறாரு."

நான் போனபோது அவர் சாத்திய வாசல் கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் மூச்சு முட்டியது. எனக்கு வந்த கோபத்தில் ஏழு மெஷினையும் பிடுங்கி ஒரு பையில் போட்டேன், ஜன்னல்களைத் திறந்துவிட்டேன், அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வேனில் உட்கார வைத்தேன்.

"என்னதான் ஆச்சு உங்களுக்கு? மூக்கு கெட்டுப்போச்சுன்னா டாக்டர்கிட்ட போவோம். அக்காவ ஏன் இப்படி வதைக்கிறீங்க?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். கையைத் தூக்கியது வரை சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"நான் போன் பண்ணதாலதானே வந்தீங்க?" என்றேன்.

"இல்ல மாப்ளே. உன் போன் எனக்கு ஒரு சாக்கு. அது அடிக்கலன்னாலும் நான் தட்டியிருக்க மாட்டேன். அந்தக் கதவு தெறந்தா உள்ள எங்கப்பா படுத்திருப்பாருன்னு தோணுச்சு. மறுபடியும் அந்தக் காலக் கழுவ என்னால முடியாதுன்னு இருந்துச்சு. அதான் மெஷினச் செருகிட்டு வந்துட்டேன்."

விடுங்க அத்தான், அது உங்க வேலை இல்ல, சீட்டுல இருந்ததைச் செஞ்சீங்க என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. அவருக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்த அம்மாவின் மகளைப் பார்க்க வேண்டும். தெரிந்தே நகர்ந்து வந்ததைச் சொல்ல வேண்டும். அவள் திட்டினாலும் சரி, மன்னித்தாலும் சரி, அவள் வாயால் கேட்டால்தான் இந்த வாடை விடும். வேலை போய்விடும் என்றேன். போகட்டும் என்றார். என் வேலையும் போகும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேன் ஓட்ட வேற எடமா இல்ல?" என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

வீட்டைக் காலி செய்ய மகள் சனிக்கிழமை வருவதாகக் காவலாளி சொல்லியிருந்தார். போனோம். கடைசி வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. உடைத்த பூட்டின் இடத்தில் புது மரத்துண்டு அடித்திருந்தார்கள். அத்தான் திறந்த கதவையும் இரண்டு தடவை தட்டிவிட்டுத்தான் நின்றார்.

மகளுக்கு நாற்பது வயது இருக்கும். தலையில் துணி கட்டிக்கொண்டு அட்டைப் பெட்டிகளில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசனை மெஷின் கம்பெனி என்றதும், "மெஷின எடுத்துட்டுப் போக வந்தீங்களா சார்? எடுத்துக்குங்க" என்றாள். அத்தான் எடுக்கவில்லை. உள்ளே கூப்பிட்ட பிறகு போய், அவள் காட்டிய நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். வாடை தெரிந்தது. அது என்ன வாடை என்றும் தெரிந்தது. கையைத் தூக்கினேன். தட்டவில்லை. இரண்டாவது மெஷினை மாட்டிவிட்டுப் போனேன். அப்பாவைப் பற்றியும் சொன்னார். என் போனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அவள் கையிலிருந்த பாத்திரத்தைப் பெட்டிக்குள் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். கத்துவாள் என்று நான் பயந்தேன். அவள் அந்தப் பாத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "அந்த மெஷினக் கேட்டதே எங்கம்மாதான் சார்" என்றாள்.

அத்தான் நிமிர்ந்தார்.

"வேற யாரும் புகார் குடுக்கல. காரிடார்ல ஏதோ நாறுது, மெஷின் வைங்கன்னு அம்மாவே பில்டிங் ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்காங்க. திருகக் கூட்டி வச்சதும் அவங்கதானாம், காவலாளி பாத்திருக்கார். பக்கத்து வீட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா எனக்குச் சொல்லிடுவாங்க, நான் வந்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவேன். எத்தன காலு வெட்டுறதப் பக்கத்துல நின்னு பாத்தவங்க. தன் கால அந்த மேஜ மேல வைக்கப் பயந்துட்டாங்க."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி எழுந்தே விட்டேன். "பாத்தீங்களா அத்தான்! அவங்களே மறைச்சிருக்காங்க. நீங்க தட்டியிருந்தாலும் தெறந்திருக்க மாட்டாங்க. இதுக்குப் போயி இத்தன நாளா…"

"இல்லங்க" என்றாள் மகள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அத்தானைப் பார்த்துச் சொன்னாள். "அன்னைக்கு மத்தியானம் போன்ல அம்மா ஒண்ணு சொன்னாங்க. எனக்கு அப்ப அர்த்தம் தெரியல. இப்பதான் தெரியுது. சொல்லட்டுமா, வேண்டாமா?"

அத்தான் சொல்லும்மா என்று தலையை அசைத்தார்.

"மெஷின்காரர் இன்னைக்கு நம்ம கதவுகிட்ட ரொம்ப நேரம் நின்னாருடி, அவருக்குத் தெரிஞ்சு போச்சு போலன்னாங்க. என்னம்மா தெரிஞ்சு போச்சுன்னு கேட்டேன், அத மட்டும் சொல்லல. நாற்காலியக் கதவு வரைக்கும் நகர்த்திக்கிட்டு வந்து, தாழ்ப்பாள் மேல கைய வச்சிக்கிட்டு உக்காந்திருந்தாங்களாம். நானா யாரையும் கூப்பிட மாட்டேன், ஆனா அவர் தட்டினா தெறந்துடலாம்னு இருந்தேன்னு சொன்னாங்க."

நான் எழுந்தவன் எழுந்தபடியே நின்றேன், உட்காரவும் தோன்றவில்லை.

அத்தான் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "எவ்வளவு நேரம் அப்படி உக்காந்திருந்தாங்கன்னு ஏதாவது சொன்னாங்களாம்மா?"

"லிஃப்ட் கீழ போற சத்தம் கேக்குற வரைக்கும்" என்றாள்.